மருந்துக்கு அடங்காத கிருமிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர: எந்த வழியை முதலில் எடுப்பது?

ஒரு மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரே ஒரு வரைபடம். கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிகளில் மெரோபெனம் மருந்துக்கு அடங்காதவை சென்ற ஆண்டு 40 விழுக்காடு, இந்த ஆண்டு 30 விழுக்காடு. கோடு இறங்குகிறது. மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நிம்மதி.

அந்த விழுக்காட்டைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். சென்ற ஆண்டு ஆய்வகத்தில் வளர்ந்த கிளெப்சியெல்லா 100, அடங்காதவை 40. இந்த ஆண்டு புதிதாக வந்த மருத்துவர் ஒருவர், லேசான சிறுநீர்க் கடுப்புக்கும் கல்ச்சர் (மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொன்னார். வளர்ந்தவை 200, அடங்காதவை 60. விழுக்காடு குறைந்துவிட்டது. அடங்காத கிருமியோடு வார்டில் படுத்திருந்தவர்களோ 40 பேரிலிருந்து 60 பேராகிவிட்டார்கள். அந்த 60 கூட, அதிகமாகத் தேடியதால் அதிகமாகக் கிடைத்ததாக இருக்கலாம். நிலைமை தேறியதா கெட்டதா என்று இந்த வரைபடத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இந்தக் குழப்பம் மட்டும் எந்த ஆய்வகத்துக்கும் புதிதல்ல.

இதைச் சரிசெய்யப் புறப்படும் மருத்துவமனையின் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆன்டிபயோகிராம் வெளியிடுவது ஒன்று. எத்தனை நோயாளி-நாட்களுக்கு எத்தனை தொற்று என்று விகிதம் கணக்கிடுவது இன்னொன்று. அறிகுறி இல்லாதவர்களிடமும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துத் தேடுவது மூன்றாவது. கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது நான்காவது. பணமும் ஆட்களும் அளவோடு இருக்கும் இடத்தில் நான்கையும் ஒரே ஆண்டில் தொடங்க முடியாது. எதை முன்னே வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

இதை முடிவு செய்ய நான் கையாளும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று விட்டுவிட்டால் நாளைக்குத் திரும்பப் பெற முடியாதது எது? அதற்கே முதலிடம். பிறகு காசு கொடுத்தாவது செய்துகொள்ள முடிந்தவை காத்திருக்கலாம்.

ஆன்டிபயோகிராமிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான ஆய்வகங்கள் ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது இதைத்தான். ஓர் ஆண்டில் வளர்ந்த கிருமிகளை இனவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை விழுக்காடு அடங்குகின்றன என்று காட்டும் அட்டவணை. கல்ச்சர் முடிவு வரும் முன்பே மருந்து தொடங்க வேண்டிய மருத்துவருக்கு இதைவிடப் பயனுள்ள தாள் கிடையாது. ஆனால் அட்டவணை தயாரிப்பதற்கு விதிகள் உண்டு. ஆய்வகங்களுக்கான தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பு எம்39 என்ற ஆவணத்தில் அவற்றைத் தொகுத்திருக்கிறது. ஒரு நோயாளியிடமிருந்து ஓர் இனத்தின் முதல் கிருமியை மட்டும் எண்ண வேண்டும். ஓர் இனத்தில் குறைந்தது 30 கிருமிகளாவது இருந்தால்தான் விழுக்காடு போட வேண்டும். நோயில்லாதவரிடம் தேடி எடுத்த மாதிரிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதல் விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். மூச்சுக்குழாய்க் கருவியில் நாற்பது நாள் கிடக்கும் ஒரு நோயாளியிடமிருந்து பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் வரும். பன்னிரண்டிலும் அதே அசினெட்டோபாக்டர் கிருமி, எல்லா மருந்துக்கும் எதிர்ப்போடு. அவர் ஒருவரே அந்த ஆண்டின் விழுக்காட்டைத் தூக்கி நிறுத்திவிடுவார். இப்படிக் கழித்து எண்ணும் வேலையைக் கையால் செய்யத் தேவையில்லை. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் 1989-இல் உருவாகி, இன்றும் இலவசமாகக் கிடைக்கும் வோநெட் மென்பொருள் இதற்காகவே இருக்கிறது.

ஆனாலும் ஆன்டிபயோகிராம் ஒரு புகைப்படம்தான். கட்டுரையின் தொடக்கத்தில் கண்டபடி, மருத்துவர்கள் மாதிரி அனுப்பும் பழக்கம் மாறினாலே அதன் கோடு ஏறும், இறங்கும். பத்து ஆண்டுப் படங்களை வரிசையாக ஒட்டிவைத்துப் போக்கைப் படிக்க முற்படும்போது அதைவிடப் பெரிய வம்பு ஒன்று வருகிறது. அளவுகோலே நடுவில் மாறிவிடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அதை ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு 'எஸ்' (அடங்கும்), 'ஐ' (இடைநிலை), 'ஆர்' (அடங்காது) என்ற மூன்று எழுத்துகளில் ஒன்றை எழுதுகிறோம். அந்த அட்டவணை கல்லில் பொறித்ததல்ல. குடல்வகைக் கிருமிகளில் மெரோபெனத்துக்கு 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 'எஸ்' என்று சி.எல்.எஸ்.ஐ. முன்பு வைத்திருந்தது. 2010-இன் நடுவில் அதை 23 மில்லிமீட்டராக உயர்த்தியது. 19-உம் அதற்குக் கீழும் 'ஆர்' என்றது. ஆக, 18 மில்லிமீட்டர் வட்டம் காட்டிய ஒரு கிளெப்சியெல்லா 2009-இல் 'எஸ்', அதே கிருமி 2011-இல் 'ஆர்'. கிருமி எதுவும் செய்யவில்லை. இதே போன்ற அட்டவணையை வகுக்கும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் குழுவோ 2019-இல் 'ஐ' என்ற எழுத்தின் பொருளையே மாற்றியது. இடைநிலை என்று படிக்கப்பட்டது, மருந்தின் அளவைக் கூட்டினால் அடங்கும் என்ற பொருளுக்கு வந்தது. அதுவரை 'ஐ'-யை 'ஆர்' பக்கம் சேர்த்து எண்ணிவந்த ஆய்வகம், அதற்குப் பிறகு 'எஸ்' பக்கம் சேர்க்க வேண்டியதாயிற்று.

மில்லிமீட்டரை எழுதிவைத்த ஆய்வகத்துக்கு இது ஒரு பிற்பகல் வேலை. பழைய எண்களைப் புதிய அட்டவணையில் ஓட்டி, பத்து ஆண்டுக்கும் ஒரே அளவுகோலில் கோடு போட்டுவிடலாம். எழுத்தை மட்டும் எழுதிவைத்த ஆய்வகத்துக்கு வழியே இல்லை. தட்டுகள் அன்றைக்கே அழிக்கப்பட்டுவிட்டன. நேர்த்தியான கையெழுத்தில், ஒரு பக்கம்கூட விடாமல் பல ஆண்டுகள் எழுதப்பட்ட சென்சிடிவிட்டி பதிவேடுகளை நான் பார்த்திருக்கிறேன். முழுக்க முழுக்க 'எஸ்', 'ஆர்'. எழுதியவரின் உழைப்பை நினைத்தால் வருத்தமாக இருக்கும். இன்னொரு கட்டம் வரைந்து இரண்டு இலக்கம் எழுதியிருந்தால் அது ஒரு புதையல். தானியங்கிக் கருவிகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்துச் செறிவை அவை எண்ணாகத் தருகின்றன, ஆனால் கருவிக்குள் வைக்கும் சோதனை அட்டையில் இருக்கும் செறிவுகளுக்குள் மட்டும். '1 அல்லது அதற்குக் கீழ்' என்று வந்த முடிவை, நாளை வரம்பு 0.5 ஆனால் திருத்திப் படிக்க முடியாது.

இரண்டாவது வழி, விகிதம். கீழே போடும் எண்ணை மாற்றுவதுதான் இதன் சாரம். வளர்ந்த கிருமிகள் எத்தனை என்பதற்குப் பதிலாக, நோயாளிகள் மருத்துவமனையில் கழித்த நாட்கள் எத்தனை என்பதைப் போடுகிறோம். 12,000 நோயாளி-நாட்களில் 6 பேருக்கு அடங்காத கிருமி இரத்தத்தில் வந்தால், 1,000 நாட்களுக்கு 0.5. அடுத்த ஆண்டு ஒரு வார்டைப் பழுதுபார்க்க மூடிவிட்டார்கள். 8,000 நாட்கள், அதே 6 பேர். விகிதம் 0.75. 'போன ஆண்டும் ஆறு, இந்த ஆண்டும் ஆறு' என்று தலையாட்டிவிட்டுப் போவதை இது தடுக்கிறது. இரத்தக் கல்ச்சரை மட்டும் எடுத்துக்கொள்வதில் ஒரு நன்மை உண்டு. சிறுநீர், சளி மாதிரிகளைப் போல அனுப்புபவரின் மனப்போக்குக்கு ஏற்ப அது அவ்வளவாகக் கூடிக் குறைவதில்லை. முற்றிலும் அசையாதது என்று சொல்ல மாட்டேன். நடுங்கிக் காய்ச்சலடிக்கும் நோயாளிக்கு இரத்தக் கல்ச்சர் எடுக்காத இடங்களும் இருக்கின்றன. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த மாதிரியில் வந்ததை மருத்துவமனையில் ஒட்டியதாகவும், அதற்கு முன் வந்ததை வெளியிலிருந்து வந்ததாகவும் பிரிப்பது வழக்கம். இந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்று வாதிடுவதைவிட, ஒருமுறை போட்ட கோட்டை நகர்த்தாமல் இருப்பது முக்கியம்.

இங்கிலாந்து இதற்கு நல்ல சான்று. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் முதன்முதலில் 1961-இல் அறிவிக்கப்பட்டதும் அந்த நாட்டில்தான். 2001-இல் அங்குள்ள அரசு மருத்துவமனைகள் எல்லாம் இரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. வந்த ஒவ்வொரு நிகழ்வையும் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 2004-இல், அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. கைகழுவுதல், இரத்தக்குழாய்க் குழல்களைப் பராமரித்தல், தேடிக் கண்டறிதல் என்று ஒரே காலத்தில் பலவும் நடந்ததால், எது எவ்வளவு குறைத்தது என்று இன்றும் வாதம் உண்டு. குறைந்ததா என்பதில் மட்டும் வாதமே எழவில்லை. ஒரே பொருளை, ஒரே வரையறையில், விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

விகிதத்தின் பலவீனம் சிறிய மருத்துவமனைகளில் தெரியும். மாதத்துக்கு ஒன்று, அடுத்த மாதம் இல்லை, அதற்கடுத்த மாதம் இரண்டு. இதை மாதவாரியாக வரைந்தால் ரம்பப் பல் போல ஒரு படம் வரும். இரண்டு வந்த மாதத்தில் எல்லாரும் பதறுவார்கள். அங்கே மாதக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு நிகழ்வுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாட்கள் போயின என்று வரைவது மேல். 70 நாள், 85 நாள், 62 நாள் என்று போய்க்கொண்டிருந்தது திடீரென 9, 6, 4 என்று நெருங்கினால், புள்ளியியல் தெரியாதவருக்கும் கண்ணில் படும்.

மேலே சொன்ன இரண்டும் நோய் வந்தவரை மட்டும் பார்க்கின்றன. குடலிலோ மூக்கிலோ கிருமியைச் சுமந்துகொண்டு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவரை அவற்றுக்குத் தெரியாது. மூன்றாவது வழி அவரைத் தேடிப் போகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ.-வுக்கு மூக்கிலும், கார்பபெனத்துக்கு (மெரோபெனம் சேர்ந்த மருந்துக் குடும்பம்) அடங்காத குடல்வகைக் கிருமிகளுக்கு மலவாயிலும் பஞ்சுக்குச்சியை விட்டு மாதிரி எடுக்கிறார்கள். நிறம் காட்டும் தட்டில் வளர்த்தால் மறுநாள் தெரியும், பி.சி.ஆர். என்றால் சில மணி நேரம் போதும். நெதர்லாந்து எம்.ஆர்.எஸ்.ஏ.-வைப் பல பத்தாண்டுகளாக மிகக் குறைந்த அளவில் வைத்திருப்பதில், தேடிப் பிடித்து ஒழிக்கும் இந்தக் கொள்கைக்குப் பங்குண்டு.

ஆனால் அங்கே தேடுவதோடு நிறுத்தவில்லை. கிடைத்தவரைத் தனியறையில் வைத்தார்கள், கிருமியை நீக்கச் சிகிச்சை கொடுத்தார்கள், ஊழியர்களையும் சோதித்தார்கள். தனியறையே இல்லாத வார்டில் பத்துப் பேருக்குக் கிருமி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வெறும் செய்தி. வசதி உள்ள இடத்திலும் தேடல் தானாகவே வென்றுவிடுவதில்லை. 2013-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 74 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 74,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். தேடிக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்திய பிரிவுகளில் எம்.ஆர்.எஸ்.ஏ. குறிப்பிடும்படி குறையவில்லை. யாரையும் தேடாமல், எல்லா நோயாளிக்கும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் குளியலும் மூக்குக்கு முப்பிரோசின் மருந்தும் கொடுத்த பிரிவுகளில் 37 விழுக்காடு குறைந்தது.

காலப்போக்கைப் பார்ப்பதற்கும் தேடல் ஒரு வழுக்குப் பாறை. சென்ற ஆண்டு 300 பேரிடம் தேடினோம், இந்த ஆண்டு 900 பேரிடம் என்றால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். சென்ற ஆண்டு தட்டு, இந்த ஆண்டு பி.சி.ஆர். என்றாலும் ஏறும். தேடலை வைத்துப் போக்குச் சொல்ல வேண்டுமானால், ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை, குறித்த ஒரு நாளில், குறித்த வார்டில் இருக்கும் எல்லாரிடமும் அதே முறையில் எடுத்துப் பார்ப்பது நாணயமான வழி. மற்றபடி தேடல் வார்டைக் காப்பதற்கான கருவி. அதற்காக அதைச் செய்யலாம், வரைபடத்துக்காகச் செய்ய வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, கழுவுதொட்டி வடிகால், கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுப்பதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன். வடிகாலில் கார்பபெனத்துக்கு அடங்காத கிருமி கிடைத்த மருத்துவமனைகள் பல உண்டு. ஒரே கிருமியோடு நோயாளிகள் கொத்தாக வரும்போது அங்கே தேடுவது சரி, மாதாமாதம் தேடுவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

நான்காவது வழியின் கதை எல்லாருக்கும் பிடிக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் 2011-இல் நடந்தது. கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவோடு ஒரு நோயாளி ஜூன் மாதம் மாற்றலாகி வந்தார். முதல் நாளிலிருந்தே தனிமைப்படுத்தினார்கள். ஜூலையில் அவர் வீட்டுக்குப் போனார். மூன்று வாரம் கழித்து இன்னொருவரிடம் அதே வகைக் கிருமி வந்தது. இடையில் யாரிடமும் இல்லை, எனவே இது தனியாக வந்தது என்றும் நினைக்கலாம். மொத்தம் 18 பேருக்குப் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அவர்களில் 6 பேரின் சாவுக்கு அந்தத் தொற்றே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. மரபணுத் தொகுதியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டபோது எல்லாம் முதல் நோயாளியிடமிருந்தே கிளம்பியது தெரிந்தது. கல்ச்சரில் பிடிபட்ட வரிசை ஒன்று, பரவிய வரிசை வேறு. இடையில் அறிகுறி இல்லாதவர்கள் சுமந்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு பச்சிளங்குழந்தைகள் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியது. கடைசிக் குழந்தை போய், அறையைச் சுத்தம் செய்து, 64 நாட்களுக்குப் பிறகு புதிதாக ஒரு குழந்தையிடம் அதே கிருமி தென்பட்டது. அந்த இடைவெளியை இட்டு நிரப்பியவர், தனக்கே தெரியாமல் கிருமியைச் சுமந்த ஓர் ஊழியர். மரபணு ஒப்பீடு இல்லாமல் இதை உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

அப்படியானால் இதையே முதலில் வைக்கலாமே? இரண்டு தடைகள். கருவி வாங்குவது எளிது. வரிசையைப் படித்து, இத்தனை எழுத்து வேறுபாடு இருந்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது, இத்தனை என்றால் இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் கிடைப்பது கடினம். அந்த எல்லையும் கிருமிக்குக் கிருமி மாறும். அடுத்தது, எதிர்ப்பு மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் ஏறிக்கொண்டு கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்கும் அங்கிருந்து என்டரோபாக்டருக்கும் தாவும். கிருமியைப் பின்தொடர்பவருக்கு மூன்றும் மூன்று தனி நிகழ்வுகள், உண்மையில் பரவியது ஒரே பிளாஸ்மிட். துண்டு துண்டாகப் படிக்கும் வரிசைப்படுத்தலில் அந்த வளையத்தைச் சரியாகக் கோப்பது பாடு, நீளமாகப் படிக்கும் கருவி வேண்டும்.

இந்த வழிக்கு உள்ள பெரிய சலுகை, அதைத் தள்ளிப்போடலாம் என்பது. கிளிசரால் கலந்து மைனஸ் 70 அல்லது 80 டிகிரியில் உறையவைத்த கிருமி, ஆண்டுகள் கழிந்தும் எழுந்து வளரும். ஈ. ஜி. டி. மரே என்ற நுண்ணுயிரியலாளர் 1917 முதல் 1954 வரை குடல்வகைக் கிருமிகளைச் சேர்த்து வைத்தார். ஆன்டிபயாடிக் பரவலாவதற்கு முந்தைய காலத்தவை அவற்றில் பெரும்பகுதி. 1983-இல் நவோமி தத்தாவும் வி. எம். ஹியூஸும் அவற்றை எழுப்பிப் பார்த்தார்கள். பிளாஸ்மிட்கள் அன்றும் தாராளமாக இருந்தன, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சுமந்தவை மட்டும் ஏறத்தாழ இல்லை. பிளாஸ்மிட் என்ற சொல்லே பிறக்காத நாட்களில் மரே அவற்றைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்.

இனி என் தேர்வு. சிறிய, நடுத்தர மருத்துவமனையாக இருந்தால், இந்த ஆண்டு புதிதாக எதையும் வாங்க வேண்டாம். மில்லிமீட்டரையும் செறிவு எண்ணையும் உள்ளபடியே பதிவு செய்வது, இரத்தக் கல்ச்சரில் வந்த அடங்காத கிருமிகளை நோயாளி-நாட்களோடு சேர்த்து எண்ணுவது, அந்தக் கிருமிகளில் ஒவ்வொன்றையும் இரண்டு சிறு குப்பிகளில் உறையவைப்பது. இந்த மூன்றும் விட்டால் திரும்பாதவை. நோயாளி-நாட்களை ஆய்வகம் கணக்கிட முடியாது. பதிவு அலுவலகத்திலிருந்து மாதாமாதம் அந்த ஓர் எண்ணை வாங்கும் ஏற்பாட்டைச் செய்வதற்கே நாலைந்து மாதம் ஆகும் என்பது என் அனுபவம். ஆன்டிபயோகிராம் இதிலிருந்தே தானாக விழும்.

தீவிர சிகிச்சைப் பிரிவு பெரிதாக இருந்து, தனியறைகளும் இருந்தால், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வருபவர்களிடம் மலவாய் மாதிரி எடுப்பதை இரண்டாம் ஆண்டில் சேர்ப்பேன். அறை இல்லையென்றால் அந்தச் செலவைக் கைகழுவும் திரவத்திலும் குளியலிலும் போடுவேன். உறுப்புமாற்று, இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கணக்கு வேறு. அங்கே பரவல் தொடங்கியதை ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்துகொள்வது உயிர்களைக் காக்கும் என்பதால், சந்தேகம் வந்த பிறகு என்று காத்திராமல் தொடர்ச்சியாக வரிசைப்படுத்துவது தகும். மற்றவர்கள் குப்பிகளை வைத்துக்கொண்டு, 9, 6, 4 என்று இடைவெளி நெருங்கும்போது வெளியே ஒரு மையத்துக்கு அனுப்பினால் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் கூடவே ஒரு பக்கக் குறிப்பேடு இருக்கட்டும். கருவி மாறிய நாள், அட்டை மாறிய நாள், எந்த ஆண்டின் வரம்பு அட்டவணைக்கு மாறினோம், எந்த வார்டு மூடப்பட்டது, கல்ச்சர் அனுப்பும் பழக்கத்தை யார் எப்போது மாற்றினார். தொடக்கத்தில் சொன்ன கூட்டத்தில் அந்த வரைபடத்தின் கீழே, 'மார்ச் முதல் லேசான சிறுநீர்க் கடுப்புக்கும் கல்ச்சர்' என்று ஒரு வரி இருந்திருந்தால், நிம்மதியடைவதற்கு முன் யாராவது ஒருவர் கையைத் தூக்கியிருப்பார்.